ட்ரையர் குழாயும் ரெண்டு சீரியலும்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு நண்பன்கிட்டருந்து போன். புதுசா வீடு வாங்கிக் குடி போயிருக்கான். "மச்சி, துணி காயவைக்கிற ட்ரையருக்குப் பின்னாடி ஒரு குழாய் போகுதுல்ல, அதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை க்ளீன் பண்ணணும்?"னு கேட்டான்.

"வருஷத்துக்கு ஒரு தடவை"ன்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிருக்கும். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வெச்சதும் தங்கமணி, "பாவம்ங்க அந்தண்ணன், காலைல ஆபீஸ் போகணும்ல"ன்னாங்க. என்ன பண்றது, ட்ரையர் குழாய்னு யாராவது வாயைத் திறந்தா எனக்கு இப்படித்தான் ஆயிடுது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொசுவத்தியைச் சுத்திக்கிட்டு அப்படியே 2023க்குப் போவோம், வாங்க.

நான் கோயமுத்தூர்க்காரன். துணி காயறதுன்னா எங்க ஊர்ல மொட்டை மாடி, ரெண்டு கம்பி, நடுவுல ஒரு நைலான் கயிறு. அவ்வளவுதான் டெக்னாலஜி. மழை வந்தா அம்மா கத்துவாங்க, நாங்க ஓடுவோம். 2018ல மேல்படிப்புக்கு இங்க வந்தப்பதான் ட்ரையர்ங்கிற வஸ்துவை மொதமொதல்ல பார்த்தேன். அது அப்பார்ட்மென்ட்டுக்குக் கீழ இருந்த காசு போடற மெஷின். கதவுகிட்ட இருக்கற வலையை உருவி, அதுல ஒட்டியிருக்கற பஞ்சை வழிச்சுப் போட்டுட்டுத்தான் துணியைப் போடணும்னு ரூம்மேட் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பஞ்சுக்குப் பேரு லின்ட். வலையை வழிச்சாச்சுன்னா நம்ம கடமை முடிஞ்சுதுன்னு அஞ்சு வருஷம் நெனச்சிட்டிருந்தேன். அந்த வலையில சிக்காத மிச்சம் எங்க போகுதுன்னு ஒரு நாள் கூட யோசிக்கல. படிச்சது எஞ்சினியரிங்! :-)

2022ல நியூ ஜெர்சியில ஒரு டவுன்ஹவுஸுக்கு வாடகைக்கு வந்தோம். வாஷிங் மெஷினும் ட்ரையரும் மாடியிலயே, பெட்ரூமை ஒட்டி ஒரு சின்ன அறையில. துணியைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம்னு தங்கமணிக்கு வீடு பிடிச்சதே அதனாலதான். 2023 செப்டம்பர்ல பாப்பா பொறந்தா. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அம்மா வந்து சேர்ந்தாங்க. வரும்போதே பெட்டியில அப்பாவோட பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு, ஓரம் அடிச்சு, அழகா மடிச்சு அடுக்கிக் கொண்டு வந்தாங்க. பாப்பாவுக்குத் துடைக்க, சுத்த, கீழ விரிக்க எல்லாத்துக்கும் அதுதான். "கடைத்துணியெல்லாம் பச்சப்புள்ள மேல உறுத்தும் கண்ணு"ன்னுட்டாங்க.

அதுவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடிட்டிருந்த மெஷின், அதுக்கப்புறம் தினமும் ஓட ஆரம்பிச்சுது. சில நாள் ரெண்டு தடவை. வேட்டித்துணி, டவல், ஃப்ளானல்னு எல்லாமே பருத்தி. பழைய பருத்தி எவ்வளவு பஞ்சு விடும்னு தெரிஞ்சவங்களுக்கு இப்பவே கதை புரிஞ்சிருக்கும்.

அம்மா வந்த மூணாவது வாரமே முதல் பஞ்சாயத்து. வெயில் அடிக்கற நாளா பார்த்து, பின்பக்கம் டெக் கைப்பிடி மேல வேட்டித்துணியை வரிசையா காயப்போட்டாங்க. பார்க்கவே நல்லாத்தான் இருந்துச்சு, நம்ம ஊர் சாயல்ல. நாலே நாள்ல அசோசியேஷன்லருந்து லெட்டர். வெளியில துணி காயப்போடக்கூடாதாம். (ஃப்ளோரிடா மாதிரி சில மாநிலங்கள்ல அப்படித் தடை போடக்கூடாதுன்னே சட்டம் இருக்கு. எங்க தலையெழுத்து, எங்க குடியிருப்புல இந்த விதி.) நான் ஆபீஸ் டென்ஷன்ல இருந்தேன். "அம்மா, இதுக்குன்னுதான் மெஷின் இருக்கு, இங்கெல்லாம் யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அம்மா பதில் பேசலை. துணியெல்லாம் எடுத்துட்டு வந்து ட்ரையர்ல போட்டாங்க.

அதுக்கப்புறம் ட்ரையர் டிபார்ட்மென்ட் அம்மா கையில. அம்மாவுக்கு இங்க நேரம் பார்க்க ஒரு தனிக் கணக்கு உண்டு. டேப்லெட்ல சீரியல் பார்ப்பாங்க. விளம்பரம் இல்லாம ஒரு சீரியல் இருபத்திரண்டு நிமிஷம் சொச்சம். சோறு வேகறது, பாப்பா தூங்கறது, நான் மீட்டிங்ல இருக்கறது எல்லாத்துக்கும் அதுதான் அளவு. "உன் பையன் ஒன்றரை சீரியலாப் பேசிட்டிருக்கான்"னு அப்பாகிட்ட போன்ல சொல்லுவாங்க.

நவம்பர் கடைசியில ஒரு நாள் சொன்னாங்க, "ஏங்கண்ணு, நான் வந்த புதுசுல ரெண்டு சீரியல்ல துணி காஞ்சுட்டு இருந்துச்சு. இப்ப மூணு ஆகுது."

"குளிர் காலம்மா, அப்படித்தான் இருக்கும்"னேன். வாயில வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

டிசம்பர்ல மறுபடி. "நாலு சீரியல் ஆகுது கண்ணு. தொட்டா சுடுது, ஆனா காயல. அந்த ரூமெல்லாம் ஒரே புழுக்கம், கண்ணாடி வேர்க்குது."

நான் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காம, "மெஷின் பழசும்மா. உனக்கு அதைப் பத்தி என்ன தெரியும், ஓடற வரைக்கும் ஓடட்டும், விடு"ன்னேன்.

இதை இப்ப டைப் பண்ணும்போது கூட கூச்சமா இருக்கு. ஆபீஸ்ல நான் வாங்கற சம்பளமே, ஒரு சர்வர் வழக்கத்தை விட ரெண்டு மடங்கு நேரம் எடுத்துக்கிட்டா ஏன்னு பார்க்கறதுக்குத்தான். நடு ராத்திரி அலெர்ட் வந்தா எழுந்து உக்கார்ந்து லாக் பார்ப்பேன். வீட்ல ஒருத்தங்க மூணு மாசமா அளந்து, அறிகுறியோட, நம்பரோட சொல்றாங்க. நான் பழசும்மான்னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டேன்.

2024 ஜனவரி, ஒரு சனிக்கிழமை ராத்திரி. பதினோரு மணி இருக்கும். படுக்கப் போறதுக்கு முன்னாடி நான்தான் கடைசி லோடை ட்ரையர்ல போட்டுட்டு வந்தேன். வழக்கமா அப்படித்தான் செய்வோம், காலையில எடுத்துக்கலாம்னு. தங்கமணியும் பாப்பாவும் பக்கத்து ரூம்ல. நானும் தூங்கிட்டேன். அம்மா வந்து தோளைத் தட்டினாங்க. "தம்பி, என்னமோ கருகற வாசம் வருது. அடுப்பெல்லாம் பார்த்துட்டேன், அணைச்சுத்தான் இருக்கு." அம்மா என்னைத் தம்பின்னு கூப்பிடறது பயந்தா மட்டும்தான்.

எழுந்து போனா, ட்ரையர் ஓடிட்டு இருக்கு. துணியை அயர்ன் பண்ணும்போது தீஞ்சா ஒரு வாசம் வருமே, அது. மெஷின் மேல கையை வைக்க முடியல. நிறுத்திட்டு, ப்ரேக்கரையும் ஆஃப் பண்ணினேன். அம்மா ஏற்கெனவே பாப்பாவைத் தூக்கிட்டுக் கீழ போயிட்டாங்க. புகை இல்லை, தீ இல்லை, ஸ்மோக் அலாரமும் அடிக்கலை. ஒரு மணி நேரம் அங்கயே உக்கார்ந்து பார்த்துட்டு இருந்தோம். அன்னிக்கு ராத்திரி நாலு பேரும் கீழ ஹால்லதான் படுத்தோம். யாரும் தூங்கலை, பாப்பாவைத் தவிர.

மறுநாள் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். சுத்துது, ஆனா சூடே வரலை. ஓனருக்குப் போன் பண்ண, திங்கக்கிழமை ரிப்பேர்க்காரர் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழட்டி, மீட்டரை வெச்சுப் பார்த்துட்டு, சுண்டு விரல் அளவு ஒரு சின்ன வெள்ளைப் பொருளை எடுத்துக் கையில கொடுத்தார். தெர்மல் ஃப்யூஸ். அளவுக்கு மேல சூடானா தன்னைத் தானே அறுத்துக்கற ஃப்யூஸ். ஒரு தடவை போனா போனதுதான், மாத்தியே ஆகணும். பத்துப் பதினஞ்சு டாலர் சாமான். அன்னிக்கு ராத்திரி எங்களைக் காப்பாத்தினது அதுவும் அம்மாவோட மூக்கும்.

அப்புறம் டார்ச் அடிச்சு உள்ள காட்டினார். ஹீட்டர் பக்கத்துல பஞ்சு படிஞ்சு, ஓரமெல்லாம் பழுப்பா தீஞ்சிருந்துது. "ஃப்யூஸை மட்டும் மாத்திட்டு இந்தக் குழாயை அப்படியே விட்டீங்கன்னா அடுத்த வாரம் மறுபடி என்னைக் கூப்பிடுவீங்க. இல்ல, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவீங்க"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். போரடிச்சா ரெண்டு பத்தி தாண்டிடுங்க.

ட்ரையர் சூட்டாலதான் துணியைக் காயவைக்குதுன்னு நாம நெனக்கறோம். பாதிதான் சரி. உள்ள ஒரு காத்தாடி இருக்கு. அது ரூம்ல இருக்கற காத்தை இழுத்து, ஹீட்டர் வழியா சூடாக்கி, சுத்தற டிரம்முக்குள்ள விட்டு, துணியில இருக்கற ஈரத்தை அள்ளிக்கிட்டு, லின்ட் வலையைத் தாண்டி, பின்னாடி நாலு இஞ்ச் குழாய் வழியா வீட்டுக்கு வெளியே தள்ளுது. கொடியில போட்டா சும்மா வெயில் இருந்தா பத்தாது, காத்தும் அடிக்கணும்னு நம்ம வீட்டு பாட்டிங்க சொல்றதேதான் இங்கயும். குழாய் அடைச்சா ஈரக்காத்து வெளிய போக வழியில்லை. துணி சுடும், ஆனா காயாது. ரூம் புழுங்கும். ஹீட்டர் கொடுக்கற சூட்டை எடுத்துட்டுப் போக காத்து இல்லாததால சூடு உள்ளயே நிக்கும். அம்மா டிசம்பர்ல சொன்ன ஒரே வாக்கியத்துல இது மொத்தமும் இருந்துச்சு.

வலை எல்லாப் பஞ்சையும் பிடிக்காது. கொஞ்சம் தப்பிச்சுக் குழாய்க்குள்ள போகும். ஈரக்காத்தோட போறதால வளைவுகள்லயும், தொங்கற இடத்துலயும் ஒட்டிக்கும். ஒட்டின பஞ்சு அடுத்த பஞ்சைப் பிடிக்கும். ஆத்துல மணல்மேடு விழற மாதிரி. கேம்ப் போறவங்க நெருப்பு பத்தவைக்கறதுக்குன்னே ட்ரையர் பஞ்சைச் சேர்த்து எடுத்துட்டுப் போவாங்க. அவ்வளவு சுலபமா பிடிக்கும்.

சரி, மெஷினை நகர்த்தினா, அடுத்த அதிர்ச்சி. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த மெல்லிசு ஃபாயில் குழாய் சப்பாத்தி மாதிரி நசுங்கியிருந்துச்சு. யார் நசுக்கினது? ஹிஹி... அக்டோபர்ல பாப்பாவோட சாக்ஸ் ஒண்ணு பின்னாடி விழுந்துடுச்சுன்னு மெஷினை இழுத்து எடுத்துட்டு, திரும்ப "ஏலேலோ"ன்னு சுவரோட சுவரா தள்ளினது அடியேன்தான். மூணு சீரியல் ஆனது நவம்பர்ல. கணக்கு கச்சிதமா ஒத்துப் போகுது.

ரிப்பேர்க்காரர் குழாயிலருந்து ரெண்டு கை நிறையப் பஞ்சை எடுத்துத் தரையில போட்டார். அம்மா அதுல கொஞ்சம் எடுத்து விரல்ல தேச்சுப் பார்த்தாங்க. "இது நம்ம மில்லுப் பஞ்சாட்டவே இருக்குது"ன்னாங்க.

அப்பா இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது புருவம், தலைமுடி, காது மடல் எல்லாம் பஞ்சா வருவார். சின்ன வயசுல நான் அதை ஊதி விளையாடியிருக்கேன். மில் கேட்டுல உள்ள போறவங்களைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, பீடி இருந்தா வாங்கி வெச்சுட்டுத்தான் விடுவாங்க. ஒரு பொறி போதும், பறக்கற பஞ்செல்லாம் பிடிச்சுக்கும். அம்மா அதையெல்லாம் சொல்லலை. அந்தப் பஞ்சைப் பார்த்துட்டு, திறந்து கிடந்த ஹீட்டரைப் பார்த்துட்டு, "இதைப் போயி சூடு பண்ற பொட்டிக்குள்ளயா வெச்சிருந்தோம்?"னு மட்டும் கேட்டாங்க. வெச்சிருந்தேன்னு என்னைச் சொல்லலை, வெச்சிருந்தோம்னாங்க. அதுதான் அம்மா.

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? கடைக்குப் போய் ஒரு ப்ரஷ் செட் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணோட ஒண்ணு திருகி நீட்டிக்கற பிளாஸ்டிக் கம்பிங்க, முனையில ஒரு உருண்டை ப்ரஷ். இதை ட்ரில்லுல மாட்டிச் சுத்த விட்டு உள்ள விடணும். பத்தடி வரைக்கும் பிரமாதமாப் போச்சு. பஞ்சு கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை வேற. அப்புறம் ஒரு வளைவுல ப்ரஷ் சிக்கிச்சு. சிக்கினா என்ன பண்ணுவோம்? திருப்பிச் சுத்துவோம். சுத்தினேன். கம்பி ஈஸியா வெளிய வந்துச்சு. ப்ரஷ் வரலை. :-(

எதிர்ப்பக்கம் சுத்தினா மரை கழன்டுடும், அதனால எப்பவும் கடிகாரம் சுத்தற பக்கமே சுத்தணும்னு பாக்கெட் மேல பெரிய எழுத்துல போட்டிருந்தான். நான் அதைப் படிச்சது அன்னிக்கு ராத்திரி, குப்பைத் தொட்டியிலருந்து பாக்கெட்டை எடுத்து.

வேற வழியில்லாம சனிக்கிழமை ட்ரையர் வென்ட் க்ளீன் பண்றதையே தொழிலா வெச்சிருக்கற ஒருத்தரைக் கூப்பிட்டேன். நூத்தி அறுபது டாலர். வந்தவர் உள்ளயே வரலை. ஏணியைப் போட்டு, பின்பக்கச் சுவர்ல மாடி உயரத்துல இருந்த வென்ட் மூடியைக் கழட்டினார். மேலருந்து ஒரு சத்தம், "சார், இங்க வந்து பாருங்க."

குழாய் முடியற இடத்துல யாரோ புண்ணியவான், எங்களுக்கு முன்னாடி இருந்தவங்களா இருக்கலாம், குருவி கூடு கட்டாம இருக்க ஒரு கம்பி வலை அடிச்சு வெச்சிருந்தாங்க. அந்த வலை மேல பஞ்சு ஒரு இஞ்ச் கனத்துக்கு, கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு. பிச்சு எடுத்தா வட்டமா அப்பளம் மாதிரி வந்துச்சு. நான் உள்ளருந்து எவ்வளவு தேச்சிருந்தாலும் அது போயிருக்காது. இன்னும் சொல்லப்போனா, நான் தள்ளின பஞ்செல்லாம் அங்க போய்த்தான் சேர்ந்திருக்கும்.

இது எங்க வீட்டு ஸ்பெஷல்னு நெனச்சேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா, அமெரிக்காவுல நிறைய ஊர்கள் அடிப்படையா வெச்சிருக்கற இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோடுங்கற கட்டட விதியிலயே இதெல்லாம் இருக்கு. ட்ரையர் குழாயோட வெளி வாய்ல வலை போடவே கூடாது. காத்து வந்தா திறந்து, நின்னா மூடிக்கற மடிப்பு மூடிதான் இருக்கணும். சுவருக்குள்ள போற குழாய் உள்பக்கம் வழவழன்னு இருக்கற நாலு இஞ்ச் உலோகக் குழாயா இருக்கணும். பஞ்சு மாட்டிக்கும்கிறதால ஸ்க்ரூ முனை அதிகமா உள்ள நீட்டக்கூடாது. பொதுவான நீளம் முப்பத்தஞ்சு அடி. சாதாரண செங்கோண வளைவு ஒவ்வொண்ணுக்கும் அதுல அஞ்சடி கழிச்சுக்கணும். எங்க குழாய் இருபதடி, ரெண்டு வளைவு. கணக்குப்படி இருபத்தஞ்சடி வரைக்கும் போகலாம். ஆக, கட்டினவன் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான். ஒரு பக்கம் வலை அடிச்சவங்களும் மறுபக்கம் தள்ளி நசுக்கின நானும் சேர்ந்துதான் கெடுத்திருக்கோம்.

பயமுறுத்தறேன்னு நெனக்காதீங்க. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2012ல ஒரு அறிக்கை போட்டிருக்கு. 2008லருந்து 2010 வரைக்குமான கணக்குப்படி, வீடுகள்ல வருஷத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்து, அஞ்சு சாவு, நூறு பேருக்குக் காயம். நாடு பூரா எத்தனை கோடி ட்ரையர் ஓடுதுன்னு பார்த்தா இது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனா அதுல முதல் காரணம் மெஷின் கோளாறு இல்லை. க்ளீன் பண்ணாம விட்டது, 34 சதவீதம். எந்த மாசத்துல அதிகம்னும் போட்டிருக்காங்க. ஜனவரி. படிச்சப்போ முதுகுத்தண்டு சில்லுனு இருந்துச்சு.

சரி, நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். எத்தனை நாளைக்கு ஒரு தடவை? அவன்கிட்ட முக்கால் மணி நேரம் சொன்னதன் சுருக்கம்:

1. லின்ட் வலை: ஒவ்வொரு லோடுக்கும். விதிவிலக்கே கிடையாது. துணி வாசனையா இருக்கப் போடற ட்ரையர் ஷீட் பயன்படுத்தறவங்க, அப்பப்ப அந்த வலையில தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி கீழ இறங்காம நின்னா கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். சோப்புத் தண்ணியும் பழைய டூத்ப்ரஷ்ஷும் போதும்.

2. குழாய் முழுசா: வருஷத்துக்கு ஒரு தடவை. இது குறைந்தபட்சம். வீட்ல சின்னக் குழந்தை, நிறையப் பேர், நாய் பூனை, நீளமான குழாய், கூரை வழியா மேல போற குழாய், இதுல ஏதாவது இருந்தா ஆறு மாசம்.

3. வெளி மூடி: மாசத்துக்கு ஒரு தடவை, ட்ரையர் ஓடும்போது வெளிய போய்ப் பாருங்க. மூடி திறந்து காத்து நல்லா வரணும். வசந்த காலத்துல குருவிக் கூடு இருக்கான்னும் பாருங்க. வலை இருந்தா எடுத்துடுங்க.

4. மெஷின் உள்பக்கம்: ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தெரிஞ்ச ஆளை விட்டுத் திறந்து பஞ்சை எடுக்கச் சொல்லுங்க. இதுல நீங்களே கை வைக்க வேண்டாம். கரண்ட் மெஷினுக்கு 240 வோல்ட்.

5. பின்பக்கக் குழாய்: பிளாஸ்டிக்கா இருந்தா இன்னிக்கே மாத்துங்க. ஃபாயில் குழாய்க்குப் பதிலா கெட்டியான உலோகக் குழாய் போடுங்க. மெஷினைத் தள்ளும்போது நசுங்குதான்னு எட்டிப் பாருங்க (அனுபவம் பேசுகிறது).

6. கேஸ் ட்ரையரா இருந்தா இன்னும் ஜாக்கிரதை. குழாய் அடைச்சா கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ளயே திரும்பும். அதுக்கான அலாரம் கண்டிப்பா வேணும். கேஸ் இணைப்பு இருக்கறதால மெஷினை நீங்களே இழுக்காதீங்க.

7. நம்ம ஆளுங்களுக்கு முக்கியமா ஒண்ணு. எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுத் துவட்டின துண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க விரிச்ச துணி, எண்ணெய் துடைச்ச கரித்துணி, இதையெல்லாம் ட்ரையர்ல போடாதீங்க. துவைச்சாலும் எண்ணெய் முழுசாப் போகாது. தாவர எண்ணெய் காத்தோட சேர்ந்து தானே சூடாகும். சூடா சுருட்டி வெச்ச துணி, மெஷின் நின்னப்புறம் கூடத் தானே பத்திக்கலாம். ட்ரையரோட வர்ற புத்தகத்துல இது எச்சரிக்கையாவே போட்டிருக்கு. யார் படிக்கறா?

8. தூங்கும்போதும், வெளிய போகும்போதும் ட்ரையரை ஓட விடாதீங்க. இதை நான் கத்துக்கிட்ட விதம் மேலயே இருக்கு.

ஆனா இந்த வருஷக் கணக்கு, மாசக் கணக்கு எல்லாத்தையும் விட நான் நம்பறது அம்மாவோட கணக்கைத்தான். எங்க வீட்டுக் குழாய் அடைச்சது ஒரு வருஷம் ஆனதால இல்லை, மூணு மாசத்துல நெலமை மாறினதால. காலண்டர் அதைச் சொல்லியிருக்காது. க்ளீன் பண்ணின அன்னிக்கு ஒரு லோடு எவ்வளவு நேரத்துல காயுதுன்னு ஒரு தடவை பார்த்து எழுதி வெச்சுக்கோங்க. அதே அளவு துணிக்கு அதை விட நேரம் கூடினா, தேதி என்னவா இருந்தாலும் குழாயைப் பாருங்க.

அந்தச் சனிக்கிழமை எல்லாம் முடிஞ்சதும் முதல் லோடைப் போட்டோம். அம்மா டேப்லெட்டை எடுத்துட்டு ட்ரையர் ரூம் வாசல்லயே நாற்காலி போட்டு உக்கார்ந்துட்டாங்க. ரெண்டாவது சீரியல் முடிஞ்சு பாட்டு ஓடிட்டிருக்கும்போது மெஷின் நின்னுச்சு. கையை உள்ள விட்டு ஒரு வேட்டித்துணியை எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பார்த்தாங்க. "ரெண்டு"ன்னாங்க.

எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் சாரி சொல்ற பழக்கம் இல்லை. உனக்கு என்ன தெரியும்னு நான் கேட்டதை அம்மா மறந்திருக்க மாட்டாங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மறுநாள் போய் மடக்கி நிறுத்தற துணி ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து, மாடியில வெயில் விழற ஜன்னல் பக்கமா விரிச்சு வெச்சேன். அசோசியேஷன்காரங்க வீட்டுக்குள்ள வந்து லெட்டர் கொடுக்க முடியாதுல்ல. அம்மா அதைப் பார்த்துட்டு, "இதை மொதல்லயே வாங்கியிருக்கலாம்"னு சொல்லிட்டு, கிளிப் இருக்கான்னு கேட்டாங்க. பிப்ரவரி கடைசியில ஊருக்குப் போற வரைக்கும் பாப்பாவோட வேட்டித்துணி அத்தனையும் அந்த ஸ்டாண்டுலதான் காஞ்சுது. டவலும் போர்வையும் மட்டும் ட்ரையர்ல.

இப்ப எங்க ட்ரையர் பக்கவாட்டுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம். க்ளீன் பண்ணின தேதி, அன்னிக்கு ஆன நிமிஷம். ஸ்டாண்டு இன்னும் ஜன்னலோரம்தான் நிக்குது. அம்மா வாரா வாரம் போன்ல பாப்பா சாப்பிட்டாளான்னு கேட்டு முடிச்சதும், தவறாம அடுத்த கேள்வி வரும்.

"மெஷினு ரெண்டு சீரியல்தானே கண்ணு?"

"ரெண்டுதாம்மா."

உங்க வீட்ல எத்தனை சீரியல் ஆகுதுன்னு இன்னிக்குப் பார்த்துடுங்க மக்களே.

டிஸ்கி: அந்த ப்ரஷ் என்னாச்சுன்னு கேக்கறவங்களுக்கு, வென்ட்காரர் எடுத்துக் கொடுத்துட்டார். பத்திரமா வெச்சிருக்கேன். இப்ப கடிகாரம் சுத்தற பக்கம்தான் சுத்தறேன் :-)